கெஸ்லரின் அம்மா

“கெஸ்லரோட அம்மா வந்தாச்சு வால்ட், எந்திரிச்சு நில்லு” என்றான் பக்கத்து மேசைக்காரன் ரூடி.

வால்ட் பாவ்லிக் காபிக் கோப்பையை மேசைக்கு அடியில் தள்ளி வைத்தான். யங்ஸ்டவுன் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில், மாதத்தின் முதல் ஞாயிறு கூடுகிற பேஸ்பால் அட்டைச் சந்தை அது; ஆட்டக்காரர்களின் படமும் பெயரும் அச்சான பழைய அட்டைகளைச் சேகரிப்பவர்கள் வாங்கவும் விற்கவும் வருவார்கள். காபி ஒரு சொட்டுப் பட்டாலும் பழைய அட்டைக்கு அதோடு ஆயுள் முடிந்தது. வாரமெல்லாம் கிடங்கில் பெட்டி தூக்குகிற வால்டுக்கு இந்த ஒரு நாள்தான் உட்கார்ந்து பார்க்கிற வேலை.

கைத்தடியை ஊன்றி ஐடெல்லா அம்மாள் மெதுவாக வந்துகொண்டிருந்தார். போன மாதம் முதல்முறையாக வந்தவர் கேட்டது ஒரே ஓர் அட்டையைத்தான். 1952, ஹார்லன் கெஸ்லர். இரண்டே வருடம் ஆடிவிட்டு லாரி மோதிச் செத்துப்போன ஆட்டக்காரன். அவனைத் தேடிக்கொண்டு பெற்றவளைத் தவிர வேறு யார் வரப்போகிறார்கள்?

அன்று அட்டையைக் கையில் வாங்கியவர் அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். அடியில் அச்சாகியிருந்த பெயரைக் கட்டைவிரல் மறைத்துக்கொண்டிருந்தது. கை நடுக்கம், கீழே விழுந்துவிடாமல் அழுத்திப் பிடித்திருக்கிறார் என்று வால்ட் நினைத்தான்.

பையன் போய் முப்பது வருடம் ஆகிறது என்றார். வீடு தீப்பிடித்ததில் அவன் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை, இப்போதெல்லாம் கண்ணை மூடினாலும் முகம் வருவதில்லை என்றார். அதற்குமேல் வால்ட் எதையும் கேட்கவில்லை. அவன் ஒன்றுவிடாமல் சேர்த்துவந்த 1952 வரிசை அந்த அட்டை இல்லாமல் முழுமையாகாது. இன்னொன்று கிடைத்ததும் இதை அவருக்கே தருவதாக வாக்குக் கொடுத்து அனுப்பினான்.

அடுத்த வாரமே சேகரிப்பாளர்களின் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது. அந்த வருடம் முதலில் அச்சான கெஸ்லர் அட்டையில் இருப்பது கெஸ்லரின் முகமே இல்லை. பயிற்சி முகாமில் எடுத்த படங்கள் மாறிப்போய், அங்கே வந்திருந்த வேறு எவனுடையதோ ஏறிவிட்டது. கம்பெனி சீக்கிரமே கண்டுபிடித்து மாற்றிவிட்டதால் தப்பானது கொஞ்சம்தான் வெளியே வந்திருந்தது. வால்டிடம் இருந்தது அதில் ஒன்று.

வால்ட் அந்தச் செய்தியை இரண்டு தரம் படித்தான். பாவம், பார்வை மங்கிப்போன மனுஷி யார் முகத்தையோ பார்த்து உருகிவிட்டுப் போயிருக்கிறார். அதையே திரும்ப அவர் கையில் எப்படிக் கொடுப்பது?

இந்தக் கூட்டத்துக்குத் தப்பாக அச்சான அட்டை என்றால் உயிர். டொலீடோவிலிருந்து ஒருவர் காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். வால்ட் தப்பானதைக் கொடுத்துவிட்டு, சரியானதில் இரண்டு வாங்கிக்கொண்டான். ஒன்று தன் வரிசைக்கு, ஒன்று அம்மாளுக்கு. அதற்குமேல் ஒரு டாலர்கூடக் கேட்கவில்லை.

“அத வச்சு ஒரு காரே வாங்கியிருக்கலாம்டா மடையா” என்று ரூடி பார்க்கும்போதெல்லாம் திட்டிக்கொண்டிருந்தான். வால்டுக்கு அது உறைக்கவில்லை. இந்த ஞாயிறு எப்போது வரும் என்றுதான் இருந்தது.

இப்போது அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு அம்மாளை உட்காரவைத்தான். உறையிலிருந்து அட்டையை எடுத்தான். பெட்டி தூக்கும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தும் வார்த்தை தடுமாறியது.

“அம்மா, சொன்னா வருத்தப்படக் கூடாது. போன தடவ நீங்க பாத்தீங்களே, அது உங்க பையன் மூஞ்சி இல்ல. கம்பெனிக்காரன் படத்த மாத்திப் போட்டுட்டான். உங்களுக்குன்னு சரியானத வாங்கி வச்சிருக்கேன். காசெல்லாம் வேண்டாம்.”

அம்மாள் அட்டையை வாங்கி முகத்தருகே கொண்டுபோனார். பிறகு கையை நீட்டி எட்ட வைத்துப் பார்த்தார்.

“அந்தப் பழசு எங்க?”

“அது போயிருச்சும்மா. டொலீடோக்காரரு மறுநாளே கலிபோர்னியாவுல யாருக்கோ வித்துட்டாராம். விடுங்க, அந்தத் தப்பு இனிமே உங்க கண்ணுல படவே படாது.”

ரூடிகூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

அம்மாள் அட்டையை ஓரம் மடங்காமல் மேசைமேல் வைத்தார். வால்டின் காய்த்துப்போன கையை எடுத்து இரண்டு முறை தட்டிக் கொடுத்தார். கைத்தடியைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அந்தக் கார்டுல பேருதான் தப்பு தம்பி, மூஞ்சி எம் பையனோடது.”