முடியவே முடியாத சீட்டுக்கட்டு

அணிலும் காகமும் ஆமையும் தினமும் சாயங்காலம் புளியமரத்தடியில் சீட்டு விளையாடும். படம் போட்ட சீட்டுகளில் பிடித்ததைப் பொறுக்கி, அவரவர் கட்டை அவரவரே சேர்த்துக்கொண்டு வரலாம். தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்கு எல்லாருடைய கட்டையும் கலைத்துக் கொடுக்க வேண்டும்.

ஒருநாள் அணில் புதுக் கட்டோடு வந்தது. முதலில் தவளைச் சீட்டை வைத்தது. அதன் பக்கத்தில் மழைச் சீட்டை இறக்கியது. மழைக்கு ஒரு பாயிண்ட். மழை பெய்தால் தவளை கத்தும். தவளை கத்தினால் மழைச் சீட்டு கைக்குத் திரும்பிவிடும். மறுபடி மழை, மறுபடி பாயிண்ட்.

“இது எப்ப முடியும்?” என்றது காகம்.

“முடியாது. அதுதான் இதோட அழகே,” என்றது அணில்.

“சரிப்பா, நான் தோத்துட்டேன். கட்டைக் கொடு, கலைக்கிறேன்.”

“அதெப்படி? என் ஆட்டம் இன்னும் முடியலையே.”

காகம் பறந்துவிட்டது. ஆமை மட்டும் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு, ஒன்றைக்கூட இறக்காத தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பியது.

அணில் ஒருவழியாக நிமிர்ந்தபோது ஆமை வயலையே தாண்டியிருந்தது.

“பயந்து எப்படி ஓடுறான் பார்,” என்று சொல்லிக்கொண்டே அணில் மழையை இறக்கியது.