கழுத்துவரை ஜிப்

"நெஞ்சை நிமித்து."

ஆபரேஷன் முடிந்து கட்டிலை விட்டு முதன்முதலாக எழுந்திருக்கப் பார்க்கிற மகளிடம் அப்பா சொன்னது இதுதான். பழக்கதோஷம்.

அவர் விளையாட்டு ஆசிரியர். மைதானத்தில் அவர் இதைச் சொன்னால் பள்ளிக்கூடமே விறைத்து நிற்கும். பெற்ற மகள் நான் மட்டும் கூன் போடுவேன். ஒரு சுற்று ஓடுவதற்குள் மூச்சு முட்டும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். சாக்குச் சொல்லாதே என்பார்.

சாக்கெல்லாம் இல்லை. என் நெஞ்சின் நடுவில் ஒரு குழி இருந்தது. குளிக்கும்போது சோப்பு நுரை அதில் தேங்கி நிற்கும்.

உள்வாங்கிய நெஞ்செலும்பு இதயத்தை இடப்பக்கம் நெட்டித் தள்ளியிருக்கிறது என்று ஸ்கேன் பார்த்த டாக்டர்தான் சொன்னார். பரம்பரையாகவும் வருமாம். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார்.

யாருக்கும் கிடையாது என்றார் அப்பா, அதே மைதானக் குரலில். அம்மா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விலாவின் இரண்டு பக்கமும் சின்னதாகக் கீறி, வளைந்த எஃகுப் பட்டை ஒன்றை நெஞ்செலும்புக்கு அடியில் நுழைத்துத் திருப்பிப் போட்டார்கள். குழி மேலே வந்துவிட்டது. இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் பட்டையை எடுப்பார்கள். அதுவரை நானே ஆசைப்பட்டாலும் கூன் போட முடியாது. அப்பாவின் கட்டளையை உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள்.

வலியில் உயிர் போயிற்று. போகட்டும். இன்றைக்கு நிற்பேன், அப்புறம் மாடிப்படி ஏறுவேன், ஒருநாள் இவரையே ஓட்டப்பந்தயத்துக்குக் கூப்பிடுவேன். பார்க்கத்தானே போகிறார்.

கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, முதுகைத் தாங்கித் தூக்குங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அப்படியே தூக்கினார். வார்டில் ஒரே புழுக்கம். அவர் மட்டும் வழக்கம்போல, மைதானத்துக்குப் போடுகிற கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தார். எந்த வெயிலுக்கும் அதைக் கழற்றமாட்டார். வாத்தியார் என்றால் ஒரு லட்சணம் வேண்டுமாம்.

நின்றேன். நின்றேவிட்டேன்.

தலை சுற்றியது. விழாமலிருக்க அவர் நெஞ்சில் உள்ளங்கையை ஊன்றினேன்.

கை உள்ளே போயிற்று.

கோட்டுக்கு அடியில், நட்ட நடுவில். அந்த ஆழம் எனக்குத் தெரியாதா என்ன?

அப்பா என் கையை விலக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அந்த விறைத்த தோள்கள் மெல்ல முன்னால் சரிந்தன. அவர் கூன் போட்டு நான் பார்த்ததே கிடையாது.

எனக்கு வந்திருக்க வேண்டியது கோபம். வந்தது அழுகை. அழுதால் தையல் வலிக்கும் என்பதால் அதையும் அடக்கிக்கொண்டேன்.

வராந்தாவில் டாக்டரின் பேச்சுச் சத்தம் கேட்டது. அப்பாவின் கை ஜிப்பை இன்னும் மேலே இழுக்கப் போயிற்று.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எறக்குங்கப்பா. டாக்டர் வர்றாரு."