நாலு டிஸ்க்

மருந்துக் கிடங்கின் குமாஸ்தா, முதலாளியின் மேஜைமேல் லேப்டாப்பை வைத்தார்.

"காலாவதியான மருந்துக்குப் புதுத் தேதி ஒட்டச் சொன்னீங்களே, அதை ஒரு வார்த்தை விடாம இதுல பதிவு பண்ணியிருக்கேன் சார். ரெகவரி டிஸ்க் வேற நாலு போட்டு வெச்சுட்டேன். அந்தச் சரக்கு வெளியே போனா, டிஸ்க் போலீசுக்குப் போயிடும்."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. விடுவிடுவென்று பின்பக்கம் போய், காலாவதி மருந்தை எரிக்க வேண்டிய உலையில் லேப்டாப்பைத் தூக்கிப் போட்டார். குமாஸ்தா தடுக்கவில்லை. பைக்குள் டிஸ்க் இருக்கிற தெம்பு.

"வீடு அதே பழைய இடம்தானே?" என்று கேட்டார் முதலாளி, அமைதியாக.

"ஆமா சார்."

வீட்டுக்கு வந்ததும் குமாஸ்தா டிஸ்க்குகளை மைத்துனனிடம் நீட்டினார். அவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன்.

"மாப்ளே, இதுல இருக்கிற பேச்சைக் கொஞ்சம் போட்டுக் காட்டு."

மைத்துனன் நாலையும் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"என்ன மாமா, ரெகவரி டிஸ்க்கைப் போய்க் கொண்டாந்திருக்கீங்க! லேப்டாப் கடையிலேர்ந்து வந்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ, அதை மட்டும்தான் இது திருப்பிக் குடுக்கும். நீங்க சேர்த்து வெச்சது எதுவும் இதுல வராது."



ஜன்னலோரம் நின்ற மனைவி திரும்பினாள்.

"ஏங்க, கார்லேர்ந்து நாலு பேர் இறங்குறாங்க. நம்ம வீட்டு நம்பரைத்தான் பார்க்குறாங்க."

குமாஸ்தா டிஸ்க்குகளை வெறித்துப் பார்த்தார். இதில் ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்தாலும், அவர்கள் நம்பவா போகிறார்கள்?