இரண்டும் இடது கை

"ரெண்டையும் இடது கையா வெட்டி வெச்சிருக்கியே, அந்தம்மா வலது கையை வீட்டுல கழட்டி வெச்சுட்டா வருவாங்க?"

தையல்கடை அக்காவின் குரல் தெருமுனை வரை கேட்டது. மேஜை மேல் பூப்போட்ட துணியில் இரண்டு சட்டைக் கைகள். அளவுத் தாளைப் புரட்டிப் போடாமல் இரண்டு முறையும் ஒரே மாதிரி வைத்து வெட்டியிருந்தாள் கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண். துணியின் உள்பக்கம் வெளுப்பு. திருப்பித் தைக்கவும் வழியில்லை.

"தெரியாம நடந்துடுச்சுக்கா..."

"தெரியாம நடக்க, தூக்கத்துலயா வெட்டின? மூளையை எங்க அடகு வெச்ச? மிச்சத் துணியில வலது கை வருதான்னு பாரு. வரலைன்னா என் கண்ணுல படாத!"

பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அண்ணனுக்கே பாவமாகிவிட்டது. "மனசுல வெச்சுக்காதம்மா. அவங்க வாய் அப்படித்தான்" என்றார் மெதுவாக.

அவள் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று அவர் நினைத்தார். அவளோ சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

மாலையில் செருப்பைக் கழற்றும் முன்பே வாசலிலிருந்து கத்தினாள். "அம்மா! இன்னைக்கு அக்கா என்னைக் கிழி கிழின்னு கிழிச்சுட்டாங்க!"

பரிசு வாங்கி வந்தவள் போல முகமெல்லாம் பூரிப்பு.

பத்தொன்பது வயதில் அவளுக்குப் புற்றுநோய். குணமாகி எட்டு வருடம் ஆகிறது. நோய் போய்விட்டது, பார்ப்பவர்களின் பரிதாபம்தான் போவேனா என்றது. முன்பு வேலை பார்த்த இடத்தில் விஷயம் தெரிந்ததும் கத்தரிக்கோலை வாங்கி வைத்துவிட்டு, "நீ உட்காரும்மா" என்று நாற்காலி போட்டார்கள். கூடப்பிறந்த அண்ணன்கூடச் சண்டை போடுவதை நிறுத்திவிட்டான். அதுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது.

"இந்தக் கடையில நான் யார்கிட்டயும் மூச்சு விடலை. அதனாலதான்மா எல்லாரையும் போல என்னையும் திட்டுறாங்க" என்றவள் முகம் சட்டென்று வாடியது. "நாளன்னைக்கு வருஷச் செக்கப். லீவு கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. எனக்குப் பொய் வராது. சொல்லிட்டா, மறுபடியும் நாற்காலிதான்."

அம்மா எதையோ சொல்ல வாயெடுத்து, அடுப்பைப் பார்க்கும் சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை, மிச்சத் துணியில் எப்படியோ தேற்றிய வலது கையை மேஜையில் வைத்துவிட்டு, அக்காவிடம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். இனி இந்தக் கடையிலும் தன்னை யாரும் திட்டப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அக்கா நிமிரவில்லை. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அந்த வலது கையை அளந்துகொண்டே சொன்னாள்:

"நீ வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே உங்கம்மா வந்து எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டுப் போனாங்க. அதுக்கும் சட்டைக் கைக்கும் என்னடி சம்பந்தம்? செக்கப்புக்குப் போயிட்டு வா. அதுக்கு முன்னாடி இந்த ஓரத்தைச் சரி பண்ணு, குருடி வெட்டின மாதிரி கோணலா இருக்கு!"