மேடத்திடம் ஒரு சந்தேகம்

கல்லூரியில் மாணவிகளின் சந்தேகங்களுக்கு, பேராசிரியை மங்கையர்க்கரசியின் குரலில் அவளுடைய கணினி நகல்தான் பதில் சொல்லும். வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பேச்சுகளைப் படித்துப் பார்த்து அவள் கையெழுத்திட வேண்டும். இந்த வாரம் அவள் வீட்டிலிருந்தே ஒருத்தி பேசியிருந்தாள்.

"மேடம், நான் வயசுக்கு வந்துட்டேன்னு நினைக்கிறேன். பயமா இருக்கு."

"பயப்படாத கண்ணு. அம்மாகிட்ட சொன்னியா?"

"அவங்க பேப்பர் திருத்துறாங்க. கூப்பிட்டா திட்டுவாங்க."

நகல் ஒரு மணி நேரம் நிதானமாக எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை. அன்றுதான், குளியலறையில் இவ்வளவு நேரம் என்ன வேலை என்று மகள் நறுமுகையிடம் மங்கையர்க்கரசி கத்தியிருந்தாள்.

வீட்டுக்கு ஓடினாள்.

"நறு, அம்மாகிட்ட ஏதாவது சொல்லணுமாடா?"

"இல்லம்மா," என்றாள் மகள், புத்தகத்திலிருந்து நிமிராமல். "மேடம் எல்லாம் சொல்லிட்டாங்க."