மாம்பழம் என்ன விலை

“சுவத்துல சாயாதீங்க அண்ணாச்சி. எண்ணெ ஒட்டிக்கிரும்.”

காவலாளி சொன்ன பிறகுதான் அவர் தலையை எடுத்தார்.

மதுரையில், மகனின் ஓவியக் கண்காட்சி. வெள்ளை வெளேரென்ற சுவர். விருதுநகரில் பஸ் ஏறும்முன் உச்சியில் வைத்த நல்லெண்ணெய் இன்னும் காயவில்லை.

அவராக வரவில்லை. வீட்டில் பிடுங்கல் தாங்காமல் வந்தார்.

மிளகாய் வத்தல் கடையில் உட்கார மாட்டேன், படம் வரையப் போகிறேன் என்று ஜெயக்கொடி சொன்ன நாளோடு அப்பன் மகன் பேச்சு நின்றது. இறங்கி வர இரண்டு பேருக்கும் மனசில்லை. பேரம் படியாத மூடையாக அது பாட்டுக்குக் கிடந்தது.

மகன் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவரைப் பார்த்தான். லேசாகத் தலையசைத்தான்.

எதிர்க்கடைக்காரன்கூட அதைவிட நன்றாகக் கும்பிடுவான்.

படங்களின் கீழே விலை எழுதவில்லை. விலை எழுதாத கடையில் ஆளைப் பார்த்துத்தான் விலை. அந்த மட்டில் பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்று தோன்றியது.

பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரே இரண்டு படங்கள்.

ஒன்றில் மாம்பழம். விரலை வைத்தால் அமுங்கும்போல இருந்தது.

இன்னொன்றில் ஒன்றுமில்லை. சுண்ணாம்புச் சுவர். அதில் பழுப்பாக ஒரு கறை. அதற்கு முன்னால் ஒருவர் சாமி சந்நிதியில் நிற்பதுபோல நின்றுவிட்டுப் போனார்.

மாம்பழம் வரையத் தெரிந்தவனுக்கு இது எதற்கு?

கை தானாகப் பின்னந்தலைக்குப் போனது. விரலில் எண்ணெய்.

அது அவருடைய கறை.

கல்லாவுக்குப் பின்னால், அவர் சாய்ந்து சாய்ந்து படிந்த எண்ணெய்க் கறை. தீபாவளிக்குத் தீபாவளி வெள்ளையடிப்பார். கார்த்திகை முடிவதற்குள் சுண்ணாம்பை மீறிக்கொண்டு எட்டிப் பார்க்கும். மகன் படம் வரையக் கிளம்பிப் போன வருஷம், எரிச்சலில், சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டிவிட்டார். டைல்ஸில் எதுவும் ஊறாது. துடைத்தால் போச்சு.

அந்த அழுக்கைச் சட்டம் போட்டு ஊர் நடுவில் மாட்டியிருக்கிறான். விற்கவும் போகிறான்.

துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பிவிடலாம்.

இரண்டு கல்லூரிப் பெண்கள் படத்தை மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

“மேகம் மாதிரி இருக்குல்ல?”

“இல்லடி. ரெண்டு பேரு. கீழ பாரு, சின்னதா இன்னொண்ணு. பெரியவங்க ஒருத்தரும் சின்னப் பிள்ளை ஒண்ணும் ஒட்டி உக்காந்திருக்காங்க.”

அவர்கள் நகர்ந்ததும் பார்த்தார்.

பெரிய கறைக்குக் கொஞ்சம் கீழே, ஓரமாக, உள்ளங்கை அகலத்தில் இன்னொரு கறை.

ஆயுசெல்லாம் அந்தச் சுவரில் சாய்ந்தவர் அதைக் கண்டதில்லை. டைல்ஸ் ஒட்டும்போதும் கண்டதில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்துவிடுவான். வத்தல் நெடியில் தும்மிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். வீட்டுக்குப் போடா என்றாலும் போகமாட்டான். கடை சாத்தும்வரை சும்மா சாய்ந்திருப்பான்.

பிள்ளைக்குக் கடையே ஆகாது என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

ஓட்டல் முதலாளி ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகன் கையில் சிவப்புப் பொட்டுத் தாள். விற்ற படத்துக்குக் கீழே ஒரு பொட்டு. ஒட்டிவிட்டால் அது அடுத்தவன் சொத்து.

“இந்தக் கறைப் படம் நம்ம ரிசப்ஷனுக்கு எடுப்பா இருக்கும் தம்பி. பாத்துச் சொல்லுங்க.”

அந்தப் படத்தை அடுத்தவனுக்குக் கொடுக்க அவருக்கு மனசில்லை. வாய் மட்டும் பழக்கத்தை விடவில்லை.

வேண்டிய மூடையை நேராகப் பார்த்தால் விலை ஏறிவிடும். பக்கத்து மூடையைத்தான் கேட்க வேண்டும். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் கொள்முதல் செய்தார். மகன் பக்கத்தில் சாய்ந்திருந்த நாட்களிலும் அப்படித்தான்.

கறையின் பக்கமே திரும்பாமல் கேட்டார்.

“இந்த மாம்பழம் என்ன விலை?”

ஜெயக்கொடி நின்றான். அப்பாவைப் பார்த்தான். அவர் மாம்பழத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒரு பொட்டை உரித்தான்.

கறைக்குக் கீழே ஒட்டினான்.

“இது வித்தாச்சு சார்” என்றதும் ஓட்டல்காரர் விழித்தார்.

“நான் மாம்பழத்தத்தான கேட்டேன்?” என்றார் அப்பா.

“தெரியும்ப்பா.”

வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

இரண்டு பேரில் முதலில் சுவரில் சாய்ந்தது யார் என்று காவலாளியைத்தான் கேட்க வேண்டும்.