மருந்து தேவையில்லை

“இவளைப் பைத்தியம்னு எழுதி உள்ள பூட்டிப்போடுங்க,” என்றான் மோகன்குமார்.

தங்கை அக்ஷயாவை வெள்ளகோவிலிலிருந்து காரில் ஏற்றி, கோயமுத்தூருக்குக் கொண்டுவந்திருந்தான். வெளியே போகச் சொல்லியும் நகரவில்லை. அவனை வைத்துக்கொண்டே அவளிடம் பேசிப் பார்த்த மனநல மருத்துவர் ரூபினாவுக்கு எரிச்சல் மண்டியது.

“இவங்களுக்கு ஒரு வியாதியும் இல்லை. வேற சாதிப் பையனை விரும்பினா பைத்தியமா?”

“எங்கூட்டுல அப்பிடித்தானுங்க.”

“உலக நாடுகள் ஒப்பந்தத்துல நாமளும் கையெழுத்துப் போட்டிருக்கோம். அதுக்காகவே இங்க மனநலச் சட்டத்தை மாத்தியாச்சு. நல்லா இருக்கிறவங்களை இழுத்துட்டு வந்து அடைக்க முடியாது.”

“உலகம் வந்து எங்கூட்டு மானத்தைக் காப்பாத்துமுங்களா?”

“கத்தினா போலீசைக் கூப்பிடுவேன்.”

அவன் முறைத்தான். பிறகு சிரித்தான்.

“சரிங்க டாக்டரம்மா. மருந்து நானே ஊட்டுல குடுத்துக்கறனுங்க.”

“மருந்தே தேவையில்லைங்கறேன்.”

“எந்திரி கண்ணு. காரை எடுத்துட்டு வாரேன்.” தங்கையின் தலையைத் தடவிவிட்டு வெளியே போனான்.

ஜெயித்துவிட்ட நிறைவில் ரூபினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“இனி யாரும் உங்களை அடைச்சு வைக்க முடியாதும்மா. தைரியமா வீட்டுக்குப் போங்க.”

அக்ஷயா எழுந்திருக்கவில்லை. மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“என்னைப் பைத்தியம்னு எழுதி உள்ள பூட்டிப்போடுங்க டாக்டர்.”

“என்னம்மா சொல்றீங்க?”

“வர்ற வழியில அண்ணன் பயிருக்கு அடிக்கிற மருந்து வாங்குச்சுங்க. எங்க காட்டுல இந்த வருசம் வெள்ளாமையே வெக்கலீங்க.”